மூன்று சக்காய்

"கிணத்திலை கை வையாதேங்கோ. கள்ளை மட்டும் எடுங்கோ."

சிவரூபினி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பக்கத்தில் இருந்து தையல் பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் றஜீவன், மடியிலிருந்த கருநீலத் துணியைத் திருப்பிப் பார்த்தான். மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து.

"ரெண்டிலை எது கள்ளு?"

"மேலை இருக்கிறது. கீழை நாலு கோடு குறுக்கும் மறுக்குமாக் கிடக்கெல்லே, அது கிணறு. கிணத்துக் கட்டை மேலை நிண்டு பாத்த மாதிரி."

"இருவத்தி மூண்டு வருசமாக் கள்ளை விடு விடு எண்டு சொல்லிப்போட்டு, இப்ப ஜப்பான்காரன்ரை கள்ளையும் என்னைக்கொண்டே எடுப்பிக்கிறீர்."

லண்டன் ஹரோவில் ஒரு விளையாட்டு மண்டபம். காலை எட்டேகால். பார்வையாளர் வாங்கில் இருவரும் நூலும் கத்தரிக்கோலுமாக இருந்தார்கள். கீழே கெண்டோக்காரர்கள் மூங்கில் வாள்களோடு கை பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் முன்பக்கமாகப் பெயர்த்துணி தொங்கியது. சிவரூபினி தைத்தவை. பதினொரு மணிக்குப் போட்டி. அதற்குள் இரண்டு பெயர்கள் மாற வேண்டும்.

பதினொரு வருடம் அவள் கலாவதி அக்காவின் சீருடைக் கடையில் பள்ளிக்கூடச் சின்னங்கள் தைத்தவள். சிங்கம், கிரீடம், திறந்த புத்தகம். தை மாதம் வேலையை விட்டு, வீட்டு முன்னறையில் சொந்தமாக ஒரு எம்பிராய்டரி மெஷின் போட்டாள். "மூண்டு மாசத்திலை திரும்பி வருவாய், உன்ரை கதிரையை எடுக்காமல் வைக்கிறன்" என்று கலாவதி அக்கா சொல்லியனுப்பினாள். முதல் இரண்டு மாதம் பெயர் தைக்கிற பிறந்தநாள் துவாய்கள்தான் வந்தன. மூன்றாவது மாதம் இந்தக் கெண்டோச் சங்கம் வந்தது. இருபத்துநான்கு பெயர்த்துணிகள், எல்லாம் ஜப்பான் எழுத்தில். இவை சரியாக வந்தால் இன்னும் ஆறு சங்கங்களின் வேலையும் தருவதாகச் செயலாளர் அம்மா சொல்லியிருந்தார். வராவிட்டால் கதிரை காத்திருந்தது.

பிழை விடக்கூடாது என்று அவள் எழுத்தைக் கணினியில் தேடவில்லை. பெயர்காரரின் கையெழுத்தையே கேட்டு வாங்கினாள். இருபத்திரண்டு பெயர்களுக்கு இருபத்திரண்டு தாள்கள். பட்டியலில் மூன்று சக்காய் இருந்தார்கள். ஒரே வீட்டு ஆட்கள் என்று எண்ணினாள். ஒருவருடைய தாள் போதும் என்று எழுதினாள்.

அவள் வீட்டுக் கணக்கு அப்படி. றஜீவனின் கடைசிப் பெயர் அவன் தகப்பன் பெயர், பாலேந்திரா. அவளுடையது றஜீவன். பிள்ளைகள் அபிஷன் றஜீவன், தக்ஷிகா றஜீவன். எந்தப் பட்டியலிலும் கடைசிப் பெயர் ஒன்றாக இருந்தால் பின்னால் ஒரு தகப்பன் நிற்பான். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வெள்ளி பின்னேரம் பயிற்சியின்போது துணிகளைக் கொடுத்தாள். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிந்தார்கள். சனி விடிய ஆறரைக்குச் செயலாளர் அம்மா தொலைபேசியில் வந்தார். மூன்று சக்காயும் சொந்தக்காரர் இல்லை. சத்தம் ஒன்று, எழுத்து வேறு. தாள் தந்தவர் தன் பெயரைக் கள்ளும் கிணறுமாக எழுதுவார். வயதானவர் சரிவும் கிணறுமாக எழுதுவார். இளம்பெண் ஒரே எழுத்தில், எல்லை என்று எழுதுவாள். இருவரும் பரவாயில்லை என்று இன்றைக்கு அதையே கட்டிக்கொள்கிறார்களாம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த முறை என்று ஒன்று உண்டா என்பது அந்தக் குரலில் தெரியவில்லை.

"அவையளே பரவாயில்லை எண்டினம். நீரேன் ஓடுறீர்?" என்றான் றஜீவன்.

"உங்களை ஆற்றையோ அப்பன்ரை பேரிலை கூப்பிட்டா உங்களுக்குப் பரவாயில்லையோ?"

அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

மண்டபத்தில் வயதான சக்காய் ஓடி வந்து, இந்தச் சிரமம் வேண்டாம் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அவள் சுண்ணக்கட்டியை அவர் கையில் கொடுத்தாள். கள்ளு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அவர் குந்தியிருந்து, மூச்சைப் பிடித்து, சரிவு என்று எழுதினார். ஏன் சரிவு என்று கேட்டாள். முன்னோர்கள் மலைச்சரிவில் கிணறு வெட்டியவர்கள் என்று அப்பா சொல்வார், உண்மையோ தெரியாது என்றார்.

பெண்ணுக்குப் புதுத்துணி. அவள் எழுதிய எழுத்தில் கோடுகள் நெருங்கிக் கிடந்தன. அவள் முன்னோர் கிராமத்து எல்லையில் குடியிருந்தவர்களாம்.

"எல்லையோ?" என்றான் றஜீவன். "எங்கடை ஆக்களுக்கு அது பேரில்லை, வழக்கு."

சிவரூபினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு முழ நிலத்துக்கு வேலியைத் தள்ளிப்போட்டு மூன்று தலைமுறை கோட்டில் வழக்காடிய கதையையும் சேர்த்துச் சொன்னாள். பெண் சிரித்தாள். தன் பெரியப்பா பக்கத்து வீட்டாரோடு இருபது வருடம் பேசவில்லை, ஒரு மரத்துக்காக என்றாள்.

"பாத்தீரே, எங்கடை ஆள்தான்" என்றான் றஜீவன்.

கள்ளுக் கிணற்றுச் சக்காய் எல்லோருக்கும் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தார். அவர் குடிப்பதில்லையாம்.

சிவரூபினி சுண்ணக் கோட்டின் மேல் தையல் போட்டுக்கொண்டே போனாள். றஜீவன் ஊசி கோத்துக் கோத்துக் கொடுத்தான். கடையில் மெஷின் விட்ட பிழைகளைக் கையால் திருத்திப் பழகிய விரல்கள். சரிவு ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. எல்லை இழுத்தது. பத்து ஐம்பத்திரண்டுக்குக் கடைசி நூலை வெட்டி, இஸ்திரிப்பெட்டியால் ஒருமுறை அழுத்தி, பெண்ணின் இடுப்பில் தன் கையாலேயே கட்டிவிட்டாள்.

நடுவர் "சக்காய்" என்று கூப்பிட்டார். மூன்று பேர் எழுந்தார்கள். மண்டபம் சிரித்தது. நடுவர் குனிந்து மூன்று துணிகளையும் வாசித்தார். பிறகு பெண்ணைப் பார்த்துக் கை காட்டினார். அவள் நடந்துபோகையில் வெள்ளை எழுத்து அவளுக்கு முன்னால் போனது. சிவரூபினி அதைத்தான் பார்த்தாள், வாளை அல்ல.

பெண் மூன்று சுற்று வென்றாள். சரிவுக்காரர் முதல் சுற்றிலேயே தோற்று வந்து, துணியைத் தடவிக்காட்டி, குறை இதில் இல்லை என்றார்.

செயலாளர் அம்மா வாங்கில் வந்து அருகில் இருந்தார். ஆறு சங்கங்களின் பட்டியலும் திங்கட்கிழமை வரும் என்றார். எத்தனை பேர் என்று சிவரூபினி கேட்டாள். நூற்று நாற்பது. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே எழுதித் தர வேண்டும், ஒரே பெயராக இருந்தாலும், என்றாள். அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

கார் தரிப்பிடத்தில் நின்று கலாவதி அக்காவை அழைத்தாள். "அக்கா, அந்தக் கதிரையை ஆருக்கெண்டாலும் குடுங்கோ."

"ஏனடி, என்ன நடந்தது?"

"நூற்றி நாப்பது பேர் வாறாங்கள்" என்றாள். காருக்குள் ஏறியபின் சத்தமாகச் சிரித்தாள். வீடு வரும்வரை சிரித்தாள்.

மறுநாள் ஞாயிறு. றஜீவனுக்கு விடிய ஐந்தரைக்கு பஸ் ஓட்டும் ஷிப்ட். அவள் ஏழு மணிக்கு எழும்பி மெஷினின் பஞ்சைத் துடைத்து எண்ணெய் விட்டாள். தக்ஷிகாவின் உடுப்புகளைத் தோய்த்துப் போட்டாள். மழை வந்ததால் உள்ளே எடுத்தாள். மத்தியானம் கருநீலத் துணி நாற்பது மீற்றருக்கு ஓடர் கொடுத்தாள். புதன்கிழமை வரும் என்றார்கள். பின்னேரம் கொஞ்சம் நித்திரை கொண்டாள்.