நாங்கள் அழித்த இருமல்

நான் தயாரித்த முதல் படத்துக்கு யூனிட் என்று பார்த்தால் ஒன்பது பேர். கேமரா இரவல். ராயபுரத்தில் மீனவர் சந்து ஒன்றில், ஒற்றை அறை வீட்டில்தான் பாதிப் படத்தை எடுத்தோம். வீட்டுக்காரப் பெண்ணின் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போய் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காலையில் மீன் விற்கக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

முதல் நாளே, சவுண்டு பார்த்த நண்பர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாருப்பா இருமறது?" என்றார். யாரும் இருமவில்லை. அடுத்த டேக்கிலும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த ஐஸ் கிடங்கு. திறந்து காட்டச் சொன்னோம். உள்ளே ஈரத் தரையைத் தவிர ஒன்றுமில்லை. பீடி குடிப்பவரின் நெஞ்சு இருமல் அது. அறைக்குள் எடுத்த எல்லா டேக்கிலும் இருந்தது, சந்தில் எடுத்த எதிலும் இல்லை. எடிட்டிங்கில் ஒவ்வொன்றாக அழித்தோம். அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

படம் சில விழாக்களுக்குப் போனது, தியேட்டருக்கு வரவில்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான் ஒரு பெரிய நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. நண்பரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏழெட்டு வருடம் கழித்து நிறுவனத்தின் படம் ஒன்றுக்கு மீனவர் சந்து தேவைப்பட்டது. நகரத்தின் மறுகோடியில் இருந்த ஸ்டுடியோவில், எங்கள் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து அதே சந்து மாதிரி செட் போட்டார்கள். கூட்டத்தில் நடக்க ராயபுரத்துப் பெண்களையே வேனில் அழைத்து வந்தோம். அந்த வீட்டுக்காரப் பெண்ணும் வந்திருந்தார்.

மத்தியானம் ஷாட்டுக்கு நடந்து வந்தவர், தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். அங்கே கதவு மட்டும்தான். பின்னால் சாரமும் ஸ்டுடியோச் சுவரும்.

"உள்ளார யாரு கீறாங்க?"

"யாரும் இல்லம்மா. அது வெறும் பிளைவுட்."

"இருமுறாருண்ணா."

திரும்பி நண்பரைப் பார்த்தேன். ஹெட்போன் காதில் இருந்தது. மெல்லத் தலையாட்டினார்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் பயப்படவில்லை, கோபப்பட்டார்.

"அப்பவே ஏண்ணா சொல்லல? நான் கூடயத் தூக்கினு தெருத்தெருவா சுத்திகினு இருந்தேன். அவுரு வூட்லயே இருந்துகிறாரு. நீ அழிச்சிட்டேன்ற."

மறுநாள் நண்பர் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தார். வெட்டாத ஒலிப்பதிவு அதில் இருந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"இருமறதுக்கு முன்னால என் பேரச் சொல்லிக் கூப்புடறாரே, கேக்கல?"

நாங்கள் மாறி மாறிக் கேட்டோம். எங்களுக்கு இருமல் மட்டும்தான் கேட்டது.

அந்தச் சந்துக்காரர்களுக்கு எண்ணூர் பக்கம் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் போய்விட, "அவுரு வந்தா தேடுவாரு" என்று இவர் மட்டும் காலி செய்யாமல் இருந்தார். அந்த வாரமே சாமான்களைக் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அம்மாந்தொலவு ஸ்டுடியோக்கே வந்துகிறாரு. எண்ணூருக்கு வரமாட்டாரா?"

புதிய படத்தின் ஒலிக்கலவையின்போது, செட்டில் பதிவான இருமலை எடுத்துவிடச் சொன்னார் இயக்குநர். நான் விடவில்லை. ஒரு இயக்குநரிடம் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். இருமல் படத்தில் இருக்கிறது. தியேட்டரில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

படம் வந்த பிறகு ஒரு சாயங்காலம் நானும் நண்பரும் எண்ணூருக்குப் போனோம். மூன்றாவது மாடி. ஜன்னல் நிறைய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். டீ கொடுத்துவிட்டு, கழிமுகத்தில் இறால் குறைந்துபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"தோ வரேன். வந்தவங்களாண்ட பேசிகினு கீறேன்ல."

பிறகு விட்ட இடத்திலிருந்து இறால் கதையைத் தொடர்ந்தார். நாங்கள் டீயைக் குடித்து முடித்தோம்.

படியிறங்கும்போது நண்பர், "உனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"இல்லையே" என்றேன்.

அவர் பஸ் வரும்வரை அந்த மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.