தின்ற ரொட்டியும் எடுத்துப்போன மாவும்

சியாருஞ்சியைத் திருடி என்று என் காதுபட யாராவது சொன்னால், அன்றைக்கு அவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் கடைக் காவலாளி இரேரி ஒருமுறை சொல்லிவிட்டு வெகுநாள் என் கண்ணில் படாமல் சுற்றினான். அவள் திருடவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. திருடினாள், அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் எதைத் திருடினாள், எதைத் திருடவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. அது தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

எம்பு நகரத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் மாவும் அடுக்குகிற வேலை எனக்கு. என் பெயர் இகோகி. சியாருஞ்சி எங்கள் மலைக்குக் கீழே, மழை பொய்த்துப் பொய்த்து ஆடுகூட மெலிந்துபோன காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் புருஷன் நியாகா கல்குவாரியில் கல் உடைத்தார். பிள்ளை தங்கவில்லை, இரண்டுமே பிறந்து கண்ணை மூடிவிட்டன. அதற்கும் மேல் ஒரு நாள் குவாரியில் பாறை சரிந்து நியாகாவின் இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கட்டிலோடு வீட்டில் கொண்டுவந்து போட்டதுதான், பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து சியாருஞ்சி வீடு வீடாகப் போய்த் துணி துவைத்தாள். சோப்புத் தண்ணீர் தின்று விரல் முட்டியெல்லாம் வெடித்திருக்கும். ஆனால் வாய் மட்டும் வற்றாது.

“டீச்சர் வீட்டு ஐயா சட்டையில ரெண்டு விதமான சென்ட் வாசனை வருதும்மா. ஒண்ணு டீச்சரோடது. இன்னொண்ணு யாரோடதுன்னு நான் கேக்கல, கேட்டா வேலை போயிரும்,” என்பாள்.

இதெல்லாம் பழகின பிறகு அவள் சொன்னது. பழகியது எப்படி என்றால், என் ரொட்டி வரிசையில் காலி உறைகள் கிடைக்க ஆரம்பித்தன. சின்ன ரொட்டி ஒன்று காணாமல் போயிருக்கும். அது இருந்த இடத்திலேயே உறை, நான்காக மடித்து, பலகையின் முன்விளிம்பில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலை என்று நினைத்து, கையில் கிடைத்தால் காதைத் திருகுவது என்றிருந்தேன். ஆனால் எந்தப் பிள்ளை உறையை மடித்து வைக்கும்? திருடுகிறவன் அதைக் கசக்கிப் பலகைக்கு அடியில்தானே திணிப்பான்? அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இது எங்கள் பக்கத்து ஆள்.

எங்கள் பக்கத்தில் வழியில் போகிறவருக்குப் பசித்தால் யார் தோட்டத்திலும் இறங்கலாம். கரும்போ வாழைப்பழமோ அங்கேயே உட்கார்ந்து வயிறாரத் தின்னலாம். தோலையும் சக்கையையும் பாதை ஓரத்தில் தெரியும்படி போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். தோட்டக்காரர் பார்த்துவிட்டு, பாவம், பசித்தவர் யாரோ வந்து போயிருக்கிறார் என்று தன் வேலையைப் பார்ப்பார். ஆனால் ஒரே ஒரு பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் திருட்டு. அப்புறம் அடி உதைதான். எங்கள் பெரியவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது.

ஒரு மத்தியானம் அவள் ரொட்டி வரிசையில் நின்று மென்றுகொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன். வற்றல் மாதிரி ஒரு பெண், தோளில் பூப்போட்ட துணி.

“மெதுவா தின்னுங்க, விக்கிக்கப் போகுது,” என்றேன்.

அவள் பதறவில்லை. விழுங்கிவிட்டு, “இந்தக் கடைக்காரர் யாரும்மா?” என்று கேட்டாள்.

“அவரு நைரோபியில இருக்காரு. இங்க எட்டிக்கூடப் பாக்கமாட்டாரு.”

“அப்போ இந்த உறையை யாரு பாக்குறது?”

“நான்தான் பாக்குறேன்.”

“நீங்க பாத்தாப் போதுமா? அவருகிட்டச் சொல்லிருவீங்கல்ல?”

“சொல்லாம? ஆளையே அனுப்பிச் சொல்றேன்.”

கிண்டல் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிம்மதியாகத் தலையாட்டினாள். “வீட்டுல இருக்கிற களி ஒருத்தருக்குத்தாம்மா போதும். நான் இங்க தின்னுட்டுப் போனா அவருக்கு முழுசா வெச்சிரலாம். அவரு மட்டும் எழுந்து நடந்தாருன்னா, கையோட கூட்டிட்டு வந்துருப்பேன்.”

“நல்லாருக்கே. குடும்பத்தோட விருந்துக்கு வருவீங்களாக்கும்.”

“பின்ன, அவருக்கும் பசிக்கும்ல?” என்றாள்.

எப்போதாவது வேலை கிடைக்காத நாளில்தான் அவள் வருவாள். தின்பாள், ஊர்வம்பு பேசுவாள், உறையை மடித்து வைப்பாள், வெறுங்கையோடு போவாள். அந்த ரொட்டிகளை எலி கடித்த கணக்கில் நான் தள்ளினேன். இன்றைக்கும் அதற்காக எனக்குத் துளி வருத்தம் இல்லை. அந்தக் கடையில் எலி தின்றது அதைவிட அதிகம்.

அப்புறம் அந்தக் கோடை வந்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோனது. குடிக்கவே லாரித் தண்ணீருக்கு வரிசை நிற்கிற ஊரில் யார் துணி துவைக்கக் கூப்பிடுவார்கள்? டீச்சர் வீட்டில்கூட ஒரே சட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். சியாருஞ்சிக்கு வேலை அடியோடு போனது. கொஞ்ச நாள் அவளைக் காணவே இல்லை. வீட்டில் இன்னொருவர் வெறும் வயிற்றோடு கிடக்கும்போது தான் மட்டும் இங்கே வந்து தின்ன அவளுக்கு மனம் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். ரொட்டி பக்கம் திரும்பாமல் நேரே மாவு வரிசைக்குப் போனாள். நான் வேறு பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் இரேரியின் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது, அவள் தோள்துணிக்கு அடியிலிருந்து அவன் சோள மாவுப் பொட்டலம் ஒன்றை உருவிக்கொண்டிருந்தான்.

மேனேஜர் முரியூகி வந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் காது கேட்காது. “திருடினியா?” என்றார்.

“ஆமா ஐயா. திருடினேன்,” என்றாள் சியாருஞ்சி.

இப்படி நேராகச் சொன்னது அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. எங்கள் கடையில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பொருளோடு நிற்கவைத்துப் படம் பிடித்து வாசல் பலகையில் ஒட்டுவது வழக்கம். படத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார், முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து இரேரி, “சார், இவளை நான் கேமராவுல பாத்துருக்கேன். ரொட்டியும் திருடுவா,” என்றான்.

முரியூகி என் பக்கம் திரும்பினார். “நீ சொன்ன எலி இதுதானா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சியாருஞ்சி முந்திக்கொண்டாள். “ரொட்டியைத் திருடலைங்கய்யா. தின்னேன். உறையை வெச்சிட்டுத்தானே போனேன். மாவைத்தான் திருடினேன்.”

இரேரி சிரித்தான். வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள். தன்னைக் கேலி செய்கிறாள் என்று முரியூகி நினைத்துவிட்டார். அவர் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், கரும்புத் தோட்டத்தைப் பஸ் ஜன்னலில்தான் பார்த்திருப்பார். “வாயைப் பாரு. போலீஸைக் கூப்பிடுங்க,” என்றார்.

“சார், அது எங்க பக்கத்து வழக்கம்,” என்று நான் குறுக்கே போனேன்.

“வழக்கமா? நீயும் அவ கூடவே வண்டியில ஏறிக்கிறியா?” என்றார்.

அப்போதுதான் சியாருஞ்சிக்கு நிலைமை புரிந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்தாள். “ஐயா, ரொட்டியும் திருடினேன்னே வெச்சுக்கோங்க. எல்லாத்தையும் நான்தான் திருடினேன். படம் பிடிங்க, ஒட்டுங்க. வீட்டுல அவரு எழுந்திருக்க முடியாமக் கிடக்காரு. நான் போய்த் தண்ணியாவது குடுத்துட்டு வந்துர்றேன். இல்லேன்னா யாரையாவது ஒரு ஆளை அனுப்புங்க.”

அத்தனை காலம் கட்டிக்காத்த நியாயத்தை ஒரே மூச்சில் விட்டுக்கொடுத்துவிட்டாள். ஆனால் ஜீப் வந்துவிட்டது. ஏற்றும்போது, “அக்கா, வீடு எங்க?” என்று கத்தினேன். “குவாரிக்குப் பின்னாடி, நீலத் தொட்டி பக்கத்துல,” என்றாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் குவாரிப் பக்கம் போனேன். தண்ணீர் பஞ்சத்துக்காக அரசாங்கம் சந்துக்குச் சந்து தொட்டி வைத்திருந்தது. எல்லாமே நீலம். சியாருஞ்சி வீடு எது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே பெண்களுக்குப் பிள்ளையின் பெயர்தான் பெயர். இன்னார் அம்மா என்றால் உடனே காட்டுவார்கள். பிள்ளை இல்லாதவளை என்ன சொல்லிக் கேட்பது?

“துணி துவைக்கிறவங்க,” என்றேன்.

“இந்தச் சந்துல எல்லாரும் துணிதான் துவைக்கிறோம்,” என்றாள் ஒருத்தி.

“புருஷன் படுத்த படுக்கை.”

“படுக்காத புருஷன் இருந்தாச் சொல்லு, அவனைக் காட்டுறேன்,” என்று அவள் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருட்டிவிட்டதால் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அவளைப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வழி மட்டுமாவது கேட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “பிடிச்சுட்டு வர்ற திருடன் ஒவ்வொருத்தனுக்கும் வீட்டுல ஒரு நோயாளி இருப்பான்மா. அவளும் ராத்திரி பூரா அதைத்தான் கத்திட்டு இருக்கா. திங்கக்கிழமை கோர்ட்டுல வந்து பாரு,” என்றார் கான்ஸ்டபிள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி சந்து சந்தாக அலைந்தேன். நியாகா என்ற பெயரில் மூன்று பேரைக் காட்டினார்கள். மூவரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை நீதிபதியம்மா, “மாவை ஏன் எடுத்துட்டுப் போனே?” என்று கேட்டார்.

“அவரால நடந்து வர முடியாதும்மா.”

நீதிபதியம்மா எங்கள் மலைப் பக்கத்தவராக இருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பசிக்கு எடுத்த ஒரு பொட்டலம் மாவுக்காக ஒரு பெண்ணைச் சிறையில் அடைத்தால் இந்த ஊர்தான் வெட்கப்பட வேண்டும் என்றார். எச்சரித்து விடுதலை செய்தார். கோர்ட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதில் ஒன்றும் சியாருஞ்சியின் காதில் ஏறவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றவள், விட்டதும் ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

நான் இரண்டு முறை தாண்டிப்போன சந்துதான். ஆடும் கோழியும் நுழையாதிருக்க வெளியிலிருந்து கம்பி கட்டின தகரக் கதவு. கம்பியை நான்தான் அவிழ்த்தேன். நியாகா கட்டிலில் இல்லை. தரையில், தண்ணீர் கேன் இருந்த மூலைக்குப் பாதி வழியில் குப்புறக் கிடந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கேனும் காலிதான்.

“சனிக்கிழமை கூப்பிட்டுட்டேதான் இருந்தாரு. பொண்டாட்டியைக் கூப்பிடுறாரு, எப்பவும்தானே கூப்பிடுவாருன்னு நினைச்சோம்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சொல்லிவிட்டுத் தோள்துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

அழுகைச் சத்தம் கேட்டு அந்தச் சந்தே கூடிவிட்டது. சாவு விழுந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. ஆளாளுக்கு மாவும் சர்க்கரையும் கீரையுமாகக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அந்தத் தகர வீட்டில் மாவு வைக்க இடம் போதாமல் கட்டில் மேல் அடுக்கினோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு கிடந்தவருக்கு ஒரு கை மாவு தராத ஊர், செத்தவர் வீட்டில் வரிசை கட்டி நிற்கிறது. வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தேன்.

சாயங்காலம் முரியூகி வந்தார். ஒரு கட்டு சோள மாவை இரேரி தலையில் சுமந்துவந்தான். முரியூகியின் முகம் வீங்கியிருந்தது, உண்மையாகவே அழுதிருக்கிறார். வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த சியாருஞ்சியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“என்னை மன்னிச்சிரும்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே மாவு எப்ப வேணும்னாலும் கடைக்கு வா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நான் சொல்லி வெச்சிட்டேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

“மாவை இறக்கி வெக்கச் சொல்லுங்கய்யா, அந்தப் பையனுக்குக் கழுத்து வலிக்கும்,” என்றாள். பிறகு சொன்னாள். “ஆனா அன்னிக்கு நான் உங்ககிட்ட மாவு கேக்கலையே. வீடு வரைக்கும் போய்ட்டு வர ஒரு ஆளைத்தானே கேட்டேன்.”