துப்பட்டா மூடிய கிண்ணம்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். பாபநாசம் பக்கத்தில் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருப்பவளுக்கு வாய் இல்லாமல் முடியாது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், என் அப்பா வயதில் இருப்பவர்களிடம் "இப்படிச் செய்யாதீங்க, அப்படிச் செய்யுங்க" என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். குறுவை நெல் சாகுபடிக்கு விதை முளைகட்டும் நேரத்தில் நான் பேசும் வசனம் ஒன்று அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் மனப்பாடம். ஊறிய விதைநெல்லைச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவிட்டால் மறுநாள்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. நம் ஆட்களுக்குப் பொறுக்குமா? மணிக்கொரு தரம் மூட்டையை அவிழ்த்து, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார்கள். இருக்கிற சூடெல்லாம் போய்விடும், முளை பிந்தும். "முளைக்கறது அதோட வேலைங்க. உங்க வேலை மூடி வைக்கறது. சும்மா சும்மா அவுத்துப் பாக்காதீங்க!" என்று வரப்பில் நின்று கத்துவேன்.

என் பையன் ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டான். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை. எடை ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒரு விரலால் தொடலாம், அவ்வளவுதான். பாலை உறிஞ்சிக் குடிக்க அவனுக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் கையால் பாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். நர்ஸ் அதை மூக்குக் குழாய் வழியாக அவனுக்குக் கொடுப்பார்.

ஐந்தாம் நாள் காலை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வேளைக்குப் பதினஞ்சு மில்லி வேணும்மா. உங்களுக்கு அஞ்சு, ஆறுதான் வருது. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அப்பவும் பத்தலைன்னா பவுடர் பால் சேர்த்துத்தான் ஆகணும். ஆனா இவ்ளோ சின்னக் குடலுக்கு உங்க பால்தான் சுலபமா செரிக்கும்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அவனைத் தூக்க முடியாது, மடியில் போட முடியாது, குளிப்பாட்ட முடியாது. அவனுக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான். அதுவும் என்னால் முடியவில்லை.

பால் எடுக்கும் அறை மிகச் சின்னது. ஒரு திரை, ஒரு வாஷ்பேசின், நான்கு நாற்காலிகள். உட்கார்ந்தால் போதும், போன் அடிக்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் ஜூன் மாதம் எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் "தண்ணி வந்துடுச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கு வந்த போன் எல்லாம் "பால் வந்துடுச்சா?" அம்மா கேட்டாள், மாமியார் கேட்டார், நாத்தனார் கேட்டாள். ஒருத்தி பூண்டு என்றாள், ஒருத்தி சுறாப்புட்டு என்றாள். என் வீட்டுக்காரர் வேளைக்கு ஒரு தரம் வாட்ஸப்பில் "எத்தனை?" என்று ஒரே வார்த்தை அனுப்புவார். நானும் ஒரு நோட்டில் தேதி, நேரம், மில்லி என்று கட்டம் போட்டு எழுதிவந்தேன். வயலில் பயிருக்கு எத்தனை தூர் என்று எண்ணிப் பழகிய புத்தி வேறெப்படி இருக்கும்? மருத்துவமனையில் கொடுத்த கிண்ணத்தில் கோடு வேறு போட்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பேன்.

"ரிலாக்ஸா இருங்கம்மா. டென்ஷனா இருந்தா பால் இறங்காது" என்று நர்ஸ் போகும்போதும் வரும்போதும் சொல்வார். நல்ல பெண்தான், ஆனால் எனக்கு எரிச்சல் மண்டும். ரிலாக்ஸ், ரிலாக்ஸ் என்று ஆளாளுக்கு அதட்டினால் எவளுக்கு ரிலாக்ஸ் வரும்? வெந்நீரில் நனைத்த துண்டை வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டேன். மூடினது ஒரு கண்தான், இன்னொன்று கோட்டின் மேலேயே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு கூத்தாநல்லூர்க்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுடைய பெண் குழந்தை என் பையனுக்கு அடுத்த பெட்டியில் இருந்தது. கணவர் துபாயில் வேலை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவருடன் பேசிக்கொண்டே, இல்லை, சண்டை போட்டுக்கொண்டே பால் எடுப்பாள். "ஏங்க, அந்தச் சட்டையவா போட்டுக்கிட்டு ஆபீஸ் போனீங்க?" என்று வாய் ஒரு பக்கம் போகும், கை அதுபாட்டுக்கு வேலை பார்க்கும். கிண்ணம் நிறைந்துவிடும். எனக்குப் பொறாமை. மறைப்பானேன், பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானம் நான் பத்து நிமிடமாகக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி மட்டும்தான் நனைந்திருந்தது. அவள் காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

"என்னத்துக்குக்கா அதை அப்படி மொறைக்கிறீங்க? பாவம், பயந்துக்கப் போவுது."

"உனக்கென்னம்மா, குடம் குடமா வருது. பேசுவே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வேணும்னா என்னோடதுலேர்ந்து தரட்டுமா? நர்ஸக்கா விடணும், அது வேற. ஆனா ஒண்ணு, முன்னாடியே சொல்லிடுறேன். எங்க வழக்கத்துல ஒரே தாய்கிட்ட பால் குடிச்ச புள்ளைங்க கூடப்பொறந்தவங்க மாதிரி. உங்க பையன் என் பொண்ணுக்கு அண்ணன் ஆயிடுவான். நாளைக்கு வளந்து, அவதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாலும் கட்டித் தர மாட்டோம். நல்லா யோசிச்சுக்குங்க."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என் பையன் அவ்ளோ லேசுல சம்மதிக்க மாட்டான். முதல்ல உன் பொண்ணு ரெண்டு கிலோ ஏறட்டும், அப்புறமா பொண்ணு பாக்க வர்றோம்."

"ஆமாமா, மாப்பிள்ளை பெரிய ஆணழகன்! மூக்குல குழாயோட!"

இருவரும் சிரித்தோம். பிரசவ ஆபரேஷன் தையல் சுரீரென்று இழுத்தது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பையன் பிறந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து அவள் பையிலிருந்து துவைத்த துப்பட்டா ஒன்றை எடுத்து, என் தோளிலிருந்து கிண்ணம்வரை நன்றாகப் போர்த்திவிட்டாள்.

"இனிமே பாக்கக் கூடாது. வர்றது அதோட வேலை."

சுருக்கென்றது. இது நான் பேசும் வசனமல்லவா! எத்தனை பேரை வரப்பில் நிற்க வைத்துத் திட்டியிருப்பேன். ஐந்து நாளாக நான் செய்தது என்ன? மூட்டையை அவிழ்ப்பதும் துழாவுவதும்தான். நல்லவேளை, அந்த விவசாயிகள் யாரும் அங்கே இல்லை.

"சரி சம்பந்தி, கல்யாணத்துக்கு பிரியாணியா, சாம்பாரா?" என்று அவள் ஆரம்பித்தாள். இரண்டும் வேண்டும் என்றேன். பந்தியை யார் வீட்டில் போடுவது, மாப்பிள்ளை அழைப்புக்குக் காரா, குதிரையா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நடுவில் மார்பில் ஊசி ஊசியாக ஒரு குறுகுறுப்பு. அதுவரை சொட்டு சொட்டாக வந்தது இப்போது பீறிட்டு வருவது துணிக்குள்ளேயே கைக்குத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை. குதிரைதான் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வந்து துப்பட்டாவை விலக்கினார். "பதினெட்டும்மா!" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல். சாயங்காலம் டாக்டரம்மா பவுடர் பால் பேச்சை எடுக்கவே இல்லை. நோட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வீட்டுக்காரரின் "எத்தனை?"க்கு, "இனி கேட்டா பிளாக் பண்ணிடுவேன்" என்று பதில் அனுப்பினேன். அவர் பயந்துபோய் ஒரு பூவை அனுப்பினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான். நான்கு நாள் கழித்து அவளுடைய பெண்ணுக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண் பிழைத்தாள். போன மாதம் வீடியோவில் என் பையனுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? மூச்சு மெஷினில் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் முழுக்கப் பாலை நிறுத்திவைத்தார்கள். மறுநாள் காலை, கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை ஆரம்பிக்கலாம், எடுத்து வாருங்கள் என்றார்கள்.

அவள் பால் எடுக்கும் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். காதில் ஒயர் இல்லை. கால் மணி நேரம் ஆயிற்று, கிண்ணம் காய்ந்து கிடந்தது. அத்தனை பால் வந்தவளுக்கு ஒரு சொட்டு இல்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பார்த்த மாதிரியே.

என் நாற்காலியை அவளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன். அவள் கொடுத்த துப்பட்டாவைத் துவைத்துப் பையில் வைத்திருந்தேன். அதையே எடுத்து அவள் கிண்ணத்தின் மேல் போர்த்தினேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கைமுட்டியால் மெதுவாகத் தேய்த்துவிட்டேன். தோள்பட்டை கட்டைபோல் இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று பழைய கேலியையே எடுத்தேன்.

"சம்பந்தி, இப்ப எனக்கு நிறைய வருது. நர்ஸக்காவைக் கேட்டு நான் தரட்டுமா? ஆனா புள்ளைங்க அண்ணன் தங்கச்சி ஆயிடுமே. கல்யாணம் நின்னுடும். பரவாயில்லையா?"

அவள் சிரிக்கவில்லை.

"ஆவட்டும்க்கா" என்றாள். "அண்ணன் தங்கச்சியாவே இருக்கட்டும். எம் பொண்ணு இருந்தா போதும்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். நானும் அழுதேன். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அழ அழ அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. துப்பட்டாவுக்குக் கீழே, காலிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. இருவருமே துணியை விலக்கிப் பார்க்கவில்லை.