முந்நூற்றுப் பன்னிரண்டு பிரசவம் பார்த்தவர்

பெண்களின் நாடியைப் பிடிக்கும்போதெல்லாம் சங்கரலிங்க வைத்தியர் கண்களை மூடிக்கொள்வார். பந்தல்குடிப் பக்கத்து ஜனங்கள் அதைத் தியானம் என்றார்கள். அது வெறும் காத்திருப்பு என்று மருத்துவச்சி மூக்கம்மாளுக்கு மட்டும் தெரியும். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அவள், "தலை இன்னும் எறங்கல" என்று முணுமுணுப்பாள். வைத்தியர் கண்ணைத் திறந்து, "சிரசு இன்னும் இறங்கவில்லை" என்று அறிவிப்பார். கூடியிருப்பவர்கள் கும்பிடுவார்கள். இருபது வருஷமாகப் பார்த்து அவளுக்குச் சிரிப்புகூட வருவதில்லை.

பிரசவ அறைக்குள் அவர் கால் வைத்ததே கிடையாது. பிரசவத்தை ஆண்பிள்ளை பார்த்தால் அவன் பார்வை மங்கும் என்று தாத்தாவின் ஏட்டில் இருந்ததாம். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாத்திய கதவைப் பார்த்து, அவசரப்படுத்தாதே என்று உத்தரவு போடுவார். உள்ளே பிள்ளை அழுததும் அவர் டயரியில் ஒரு நம்பர் ஏறும். 1987 பொங்கலுக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு ஏறியிருந்தது.

அந்த வருஷம்தான் நர்ஸ் ஜெப ஷீலா வந்து, மருத்துவச்சிகளுக்கு அரசாங்கம் பயிற்சி கொடுத்து அட்டை தரப்போகிறது என்றாள். அட்டை இல்லாதவள் பிரசவம் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் கேஸாம். மூக்கம்மாளுக்குப் புருஷனும் இல்லை, நிலமும் இல்லை. வேறு தொழிலும் தெரியாது.

"எத்தன பிரசவம் பாத்திருக்கீங்கன்னு வைத்தியர்கிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வாங்கக்கா."

வைத்தியர் மூன்று வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்தார். அத்தனையும் அவள் பார்த்தது என்று எழுதினால், வாசலில் தொங்கும் 'சுகப்பிரசவச் செம்மல்' பலகையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நான்காம் வெள்ளி எழுதிவிட்டார்: அடியேன் பார்த்த 312 பிரசவங்களில் மேற்படி மூக்கம்மாள் வெந்நீர் வைத்து உதவியவர்.

ஜெப ஷீலா படித்துக் காட்டியபோதுதான் மூக்கம்மாளுக்கு விஷயமே தெரிந்தது. வெந்நீருக்குப் பயிற்சி கிடையாது என்று ஆபீசில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். 312 பார்த்தவரை வகுப்பெடுக்க அழைத்தார்கள்.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். முப்பது மருத்துவச்சிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கம்மாள் வைத்தியரின் பையோடு ஓரமாக நின்றாள். துணியில் தைத்த இடுப்புக்குள் பொம்மையை வைத்து, தலைக்குப் பதிலாகக் கை வெளியே வந்துவிட்டது, என்ன செய்வீர்கள் என்று வைத்தியரிடம் கேட்டார்கள். வைத்தியர் அந்தக் கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை மெல்லப் பற்றி, மூன்று விரல் வைத்து, கண்களை மூடிக்கொண்டார்.

மண்டபமே காத்திருந்தது.

"வைத்தியரய்யா," என்றாள் மூக்கம்மாள், "நாடி பெறகு பாக்கலாம். மொதல்ல பிள்ளைய வெளிய எடுங்க."

முப்பது பேரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெப ஷீலா அவளையே எடுக்கச் சொன்னாள். மூக்கம்மாள் பொம்மையின் கையை உள்ளே தள்ளி, காலைத் தேடிப் பிடித்து, பொம்மையை வெளியே கொண்டுவந்தாள். மாசக் கடைசிக்குள் சரியான லெட்டர் வந்தால் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வைத்தியர் சொன்னார்: "எழுதித் தாரேன் மூக்கம்மா. வர்ற வெள்ளி."

வெள்ளிகள் வந்து போயின. அந்த முப்பது பேருக்கும் அட்டை வந்தது. மூக்கம்மாளைக் கூப்பிடப் பயந்து ஊர்ப் பெண்களை டவுனுக்கு பஸ் ஏற்றினார்கள். 1991-இல் வைத்தியர் போய்ச் சேர்ந்தார். கருமாதியன்று மகன் நாகராஜ், அப்பா யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் கூச்சப்படாமல் கேட்கலாம் என்றான். அவள் கையில் பிறந்தவன்தான் அவன். மூக்கம்மாள் எழுந்து லெட்டரைக் கேட்டாள்.

"நான் எழுதுனாச் செல்லாதே ஆத்தா," என்றான். "ஆம்பளைக்குப் பிரசவத்தப் பத்தி என்ன தெரியும்?"