கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை இருந்தது. கூண்டுகளுக்கு நடுவே நடந்துபோய் முட்டை பொறுக்குவது என் வேலை. இரண்டு பக்கமும் முட்டைகள் உருண்டு வந்து நிற்கும். இந்தக் கையால் ஒன்று, அந்தக் கையால் ஒன்று என்று எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டே போவேன். ஒரு நாள் எனக்குப் பின்னால் வந்த வேலைக்காரப் பெண் சொன்னாள்: "அக்கா, இந்தப் பக்கத்து முட்டையெல்லாம் அப்பிடியே உட்டுப்போட்டீங்களே."

நான் அவளைத்தான் திட்டினேன். அடுத்த வாரமும் அதே இடது பக்கம். அதற்குப் பிறகு மொபெட்டில் வீட்டு கேட்டுக்குள் நுழையும்போது இடது கைப்பிடி தூணில் உரசிக் கீழே விழுந்தேன். தூணையும் திட்டினேன், அதைக் கட்டிய கொத்தனாரையும் திட்டினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பத்திநாலு வயது. தப்பு நம் பக்கம் இருக்கலாம் என்று லேசில் தோன்றுகிற வயது இல்லை.

என் கணவர்தான் வற்புறுத்திக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு மளமளவென்று அழுத்தினேன். இடது கண்ணுக்கு மாற்றியதும் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், "அம்மா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். புள்ளியே வரவில்லை என்றேன். வந்துகொண்டுதான் இருக்கிறது என்றாள்.

டாக்டர் ஒரு அம்மாள். சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி உள்ளே இருக்கும் நரம்பைத் தின்றுவிட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற, இரண்டு கண்ணின் கருவிழித் திரையிலும் லேசரால் பொடித் துளை போட வேண்டும். பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது இது இருக்கா? கூடப்பிறந்தவங்களுக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லைங்க" என்றேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "ஒரே அண்ணன்தானுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி கண்ணுல சோளத் தூசி உழுந்து பத்து நாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு. அவ்வளவுதான்." டாக்டர் எழுதிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் லேசர் என்றால் மந்திரம் மாதிரிப் பேசுவார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை, அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கும் அதைச் செய்துகொண்ட அனுபவம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் கண் பாப்பாவைச் சுருக்க ஒரு சொட்டு மருந்து விட்டார்கள். புருவத்துக்கு மேல் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல வலித்தது, பட்டப்பகல் மங்கலாகிவிட்டது. மரத்துப்போகும் மருந்து விட்டபின் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, கண்ணின் மேலேயே ஒரு கண்ணாடி வில்லையை ஒட்டினார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் 'டிக்' என்று சத்தம். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல உள்ளே சுள்ளென்றது. "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்றார் டாக்டர். நான் ஆடவில்லை. உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வரை தலைவலி. வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல எல்லாம் கலங்கலாக இருந்தது. அழுத்தம் ஏறாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. இதையெல்லாம் கேட்டால் டாக்டரும் சரியாகிவிடும் என்றார், சரியும் ஆனது. ஆனால் மறுநாள் காலையில் வேறு ஒன்று வந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் இடது கண்ணின் கீழ்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. டியூப் லைட்டைப் படுக்கவைத்தது மாதிரிப் பளபளவென்று நின்றது. கண்ணைக் கசக்கினாலும் போகவில்லை.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் கூடச் சொல்லவில்லை. கொஞ்சமே மிச்சம் இருந்த அந்தக் கண்ணையும் லேசர் கெடுத்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். அடுத்த வாரம் வலது கண்ணுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போகக் கூடாது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார், இரண்டு சீப்புச் செவ்வாழையோடு. கணவர் தீவன லாரிக்காகப் பண்ணைக்குப் போயிருந்தார். அண்ணன் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மணி, கீழ்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு தெரியுதா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அதுக்கெல்லாம் பயந்துக்காத. மேல் எமையை வெரல்ல இப்பிடித் தூக்கிப் புடி. போயிரும் பாரு. ரெண்டு மூணு மாசத்துல அது இருக்கறதே மறந்துபோயிரும்."

தூக்கிப் பிடித்தேன். கோடு போய்விட்டது. விட்டேன், வந்தது. மறுபடி தூக்கினேன், போனது. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை செய்து பார்த்துச் சிரித்தேன். கண் கெடவில்லை என்ற நிம்மதியில் கண்ணீரே வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். அவருக்குக் காப்பி போட உள்ளே போனேன். பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்கி வழிந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

நான் அந்தக் கோட்டைப் பற்றி யாரிடமும் சொல்லியிருக்கவில்லையே.

திரும்பி வந்து கேட்டேன். "கோடு தெரியுமுன்னு உங்களுக்கு எப்பிடீங்கண்ணா தெரியும்?"

"யாரோ சொன்னாங்க அம்மணி."

"எமையைத் தூக்கச் சொல்லியுமா சொன்னாங்க?"

அவர் வாழைச்சீப்பை எடுத்து மேசையில் வேறு இடத்தில் வைத்தார். சோளத் தூசியாவது மண்ணாவது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கடைசியில் அவரே சொன்னார். இரண்டு வருசத்துக்கு முன் அதே கோயமுத்தூரில் இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பார்வைக்கு ஒரு சேதமும் இல்லை.

"அப்பத்தான் எங்க பாப்பாவுக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருந்தோம். பரம்பரையா வருமுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா கல்யாணம் நின்னு போயிருக்குமா இல்லையா, நீயே சொல்லு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே."

"உங்கிட்டச் சொல்றதும் அவியகிட்டச் சொல்றதும் ஒண்ணுதானே அம்மணி."

கோபி ஊரில் இருந்த மாப்பிள்ளை வீடு என் கணவர் வழியில் தூரத்துச் சொந்தம். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே நான்தான். கோபிக்கும் பல்லடத்துக்குமாக எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்று கணக்கில்லை. அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவளும் நான். புதுச்சேலையின் ஒரு முனை என்னிடமும் இன்னொரு முனை அவரிடமுமாக எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்களே, வீட்டுக்கு ஒருத்தி வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்றுதானே அதற்கு அர்த்தம். அன்று எனக்குப் பதினேழு வயது. அதை நான் நிஜமென்று நம்பினேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எந்திரிச்சுப் போங்க" என்றேன். என் அண்ணனிடம் அதுவரை அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. போகும்போதும் வாசலில் நின்று, "கோபிக்காரங்களுக்குத் தெரிய வேண்டாம் அம்மணி. இப்ப பாப்பா முழுகாம இருக்கறா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வலது கண்ணுக்குப் போனேன். லேசர் முடிந்ததும் டாக்டரிடம், என் அண்ணனுக்கும் இருந்திருக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கூடப்பிறந்தவர்களைக் கூட்டிவரச் சொல்லி ஒவ்வொருவரிடமும் சொல்கிறோமே என்றார். "ரெண்டு வருசம் முந்தி வந்திருந்தா?" என்று கேட்டேன். "இவ்வளவு போயிருக்காதும்மா" என்றார். எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது என்றார். எங்கள் பிள்ளைகளுக்கும் பார்க்கச் சொன்னார். என் பையனை அந்த வாரமே கூட்டிப்போய்ப் பார்த்தேன், அவனுக்கு ஒன்றும் இல்லை.

பிறகு நாட்கணக்கில் அண்ணனுக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் பயந்த மனுசன். பெண்ணைப் பெற்றவன். படிப்பு கம்மி, டாக்டர் சொன்னது முழுதாகப் புரிந்திருக்காது. இந்தப் பயத்தில் சொந்த மகளுக்குக் கூடப் பார்க்காமல்தானே விட்டுவிட்டார், எனக்கு மட்டுமா செய்தார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால்தான் சோறு இறங்கியது. அவரை மன்னிக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கண் எனக்கு நேர்ந்தது போல ஆகிவிடக் கூடாதே. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கோபிக்குப் போனேன்.

அவள் மாமியார் முன்னறையில் இருந்தார். கர்ப்பிணிப் பெண்ணை அழைத்துக்கொண்டு பின்பக்கம் வாழைத்தோட்டத்து ஓரத்துக்குப் போய், மெதுவான குரலில் சொன்னேன். "கண்ணு, உங்கப்பனுக்கு ஒரு கண்ணு நோவு இருக்குது. அது உனக்கும் வரலாம். நான் உன்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன். உங்க ஊட்டுல ஏதாச்சும் சாக்குச் சொல்லிக்கலாம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். "அது பாத்தாச்சுங்க அத்தை. கல்யாணத்துக்கு முந்தியே அப்பா கூட்டிட்டுப் போயிப் பாத்துட்டாருங்க. ஒண்ணுமில்லை. வருசா வருசம் பாக்கச் சொல்லியிருக்காங்க. அப்பா ஊட்டுக்குப் போறப்ப அப்பிடியே பாத்துட்டுத்தான் வாரேன்."

பக்கத்தில் கிடந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே அப்பாகிட்டக் கேட்டேனுங்க அத்தை, அத்தைக்கும் பாக்கோணுமில்லீங்களான்னு. உங்களையும் கூட்டிட்டுப் போயிப் பாத்தாச்சு, அத்தைக்கும் ஒண்ணுமில்லைன்னு சொன்னாருங்களே" என்றாள். என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "பாத்தீங்கதானுங்க அத்தை?"

அண்ணனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. யாருக்குப் பார்க்க வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது வரைக்கும் புரிந்திருக்கிறது. என் பெயரைச் சொல்லி ஒருத்தி கேட்டும் இருக்கிறாள்.

"பாத்தாச்சு கண்ணு" என்று வாய் வரை வந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண், இவளிடம் போய் எதற்கு என்று தோன்றியது. ஆனால் அவருடைய பொய்யை நானும் சேர்ந்து சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"இல்ல கண்ணு. என்னை யாரும் கூட்டிட்டுப் போகல" என்றேன்.

அவள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் தூக்கி வளர்த்த பெண், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அது தெரிந்தும் அவளைத் தேற்ற எனக்கு அன்று மனம் வரவில்லை.