சுழி பார்த்து வாங்கிய பெட்டி

துண்டுக்குள் வலது கை இருக்கும்போது ஆஞ்சப்பனின் கண் மாட்டின் மேல் இருப்பதில்லை. மாடு வாங்க வந்தவரின் மடியின் மேல் இருக்கும். குந்தாரப்பள்ளிச் சந்தையில் முப்பது வருஷமாக அவர் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசிக்கொண்டிருக்க, எதிராளியின் மடி எப்போது அவிழும் என்று காத்திருப்பார். வெளியே வரும் சில்லறையில் ஒரு பழைய காசு தென்பட்டுவிட்டால் பேரம் அந்தரத்தில் நின்றுவிடும். அதைக் கேட்டு வாங்கி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வாங்குகிறவர், விற்கிறவர், மாடு ஆகிய மூவரும் அவர் கண் திறக்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

இப்படிச் சேர்ந்தவை நூற்று நாற்பத்து மூன்று. யானை போட்ட மைசூர்க் காசு, கம்பெனி துரைமார் அடித்த செம்புக் காசு, ராணி தலை வெள்ளி, நடுவில் ஓட்டை விழுந்த காலணா. நயா பைசா வந்து ஒரு வருஷமாகிறது. ஊரே பழசைத் தள்ளிவிட்டுப் புதுசுக்கு ஓடியபோது ஆஞ்சப்பன் ஒருவர்தான் எதிர்த் திசையில் ஓடினார். அவர் மனைவி நாராயணம்மாவின் கருத்தில் அது வெற்றிலை வாங்கக்கூட ஆகாத ஐசுவரியம். பதினோரு வருஷமாக அந்த ஐசுவரியம் அவள் வீட்டு ராகிப் பானையின் அடியில் பத்திரமாகக் கிடந்தது. திருடன் வரவில்லை, எலி தொடவில்லை.

கெடுத்தவர் ஒரு பெங்களூர்க்காரர். எருமை வாங்க வந்தவர் யானைக் காசைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டாமா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார். எருமையை அவர் வாங்கவில்லை. ஆஞ்சப்பனின் தூக்கத்தை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார்.

இரும்புப் பெட்டி எப்படிப் பார்த்து வாங்குவது என்று நம்மைக் கேட்டால் விழிப்போம். ஆஞ்சப்பனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நாலு காலில் நிற்கிற எதையும் பார்த்து வாங்கத் தெரிந்தவர் அவர். இரும்புப் பெட்டிக்கும் கால் நாலுதான்.

பெங்களூரில் ஒரு கடையில், நெருப்பே தொடாத பெட்டி என்று கடைக்காரர் விவரித்துக்கொண்டிருக்க, இவர் மண்டி போட்டுச் சாவித் துவாரத்தில் விரலை விட்டுப் பல் பார்த்தார். விலாவில் ஒரு தட்டுத் தட்டி, ஓசை அடங்கும்வரை தலை சாய்த்துக் கேட்டார். பிறகு பின்பக்கம் போனார். வலது மூலையில், ஆகாத மாட்டின் முடிச் சுழி மாதிரி, கம்பெனியின் வட்ட முத்திரை இருந்தது. போச்சு. “பின்னால சுழி இருக்குது. கட்டினவன் ஊடு விளங்காது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஓசூரில் பார்த்த பச்சைப் பெட்டிக்குப் புதுசாகச் சாயம் அடித்திருந்தது. வயதை மறைக்கிறான் என்று ஒதுக்கினார். கிருஷ்ணகிரியில் பார்த்தது எடை போதாது. எவன் வந்து கூப்பிட்டாலும் பின்னால் போய்விடும் ஜாதியாம்.

நாலு மாதம் அலைந்த பிறகு பெட்டி போச்சம்பள்ளிப் பக்கம் கங்கப்பன் வீட்டில் கிடைத்தது. கங்கப்பன் நொடித்துப்போன குடியானவர். அவருடைய தாத்தா வாங்கிய பெட்டி. உள்ளே வைக்க ஒன்றுமில்லாமல் மூலையில் நின்றிருந்தது. சுழி இல்லை. பல் தேயவில்லை. நகர்த்த ஆறு பேர் வேண்டும். “ஊட்டுலயே இருந்து பழகினது, முரண்டு பண்ணாது” என்று ஆஞ்சப்பன் திருப்தியடைந்தார். துண்டு விரிந்தது, விரல்கள் பேசின, வியாபாரம் முடிந்தது.

இங்கே கங்கப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் தம் ஜோடி எருதுகளை விற்றதும் ஆஞ்சப்பன் மூலம்தான். வாங்கியவர் எருதுகளைக் கழுத்துக் கயிற்றோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நம் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. ஆஞ்சப்பன் சந்தையின் எல்லைவரை ஓடி, வழிமறித்து, கயிறுகளை அவிழ்த்து வந்து கங்கப்பன் கையில் திணித்தார். “மாட்டை வித்தா மாட்டை மட்டும் குடு. கயித்தைக் குடுத்தா லட்சுமியும் அதைப் புடிச்சிகினே போயிடுவா” என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னார். அவர் கையால் மாடு விற்ற வீட்டுக்குக் கேடு வராது என்ற பெயர் அன்று மைசூர் எல்லை தாண்டியும் போனது. அந்தப் பெயரில்தான் அவருக்கு இன்றும் சோறு.

பெட்டி வண்டியில் வந்து இறங்கியது. கூடவே கங்கப்பனும் வந்தார். குங்குமம் வைத்தார்கள். ஆஞ்சப்பன் நூற்று நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டு உள்ளே வைத்தார். கங்கப்பன் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார். திருப்பியவர் அதைத் தம் அரைஞாணில் முடிந்துகொண்டு கைகழுவத் தண்ணீர் கேட்டார்.

ஆஞ்சப்பன் கையை நீட்டினார்.

“கயிறு குடுக்கறது வழக்கம் இல்லீங்களே அண்ணா” என்றார் கங்கப்பன். “நீங்கதானே சொன்னீங்க.”

ஆஞ்சப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மாடு வேறு, பெட்டி வேறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பல் பார்த்து, சுழி பார்த்து வாங்கிய வாய் அதை எப்படிச் சொல்லும்? புதுச் சாவி அடித்துக்கொள்ளலாம் என்று நாராயணம்மா யோசனை சொன்னாள். பழைய சாவியைப் பார்த்து அடிக்கிற சாவி பழைய கயிற்றிலிருந்து திரித்த கயிறுதான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. சந்தை நாள்தோறும் கங்கப்பன் வருவார், பெட்டியைத் திறப்பார். ஆஞ்சப்பன் காசுகளைச் சுண்டிக் கேட்பார். கங்கப்பன் பூட்டுவார், கோழிக் குழம்பும் ராகிக் களியும் சாப்பிடுவார், சாவியோடு போச்சம்பள்ளி திரும்புவார். திறந்திருக்கும்போதே காசை எடுத்துப் பானையில் போட்டால் தொல்லை விட்டதே என்று நாராயணம்மா கேட்டாள். அப்புறம் பெட்டி எதற்கு என்று இவர் திருப்பிக் கேட்டார். சொந்தக்காரனாலேயே திறக்க முடியாத பெட்டி சீமையில்கூடக் கிடையாது என்று சந்தையில் பெருமையும் பேசிக்கொள்கிறார். ஆனால் மற்ற ஆறு நாளும் அவர் நகம் சும்மா இருப்பதில்லை. சொம்பைச் சுண்டுகிறார், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவைச் சுண்டுகிறார். எதையும் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவதில்லை.

போன சந்தை நாளன்று நாராயணம்மா களியோடு வந்தாள். குழம்பு வரவில்லை.

“தம்பி, கூடையில பதினொரு கோழி இருந்திச்சு. இப்ப அடைகாக்கறது ஒண்ணுதான் பாக்கி. அதையும் அறுக்கச் சொல்றியா, சொல்லு” என்றாள்.

கங்கப்பன் களிக் கலத்தை நகர்த்தி வைத்தார். பிறகு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து ஆஞ்சப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

“எங்க ஊட்டுல இப்ப ஒரு கன்னுக்குட்டிகூட இல்லீங்கண்ணா. போறதுக்கு லட்சுமி எங்க இருக்கா. வெச்சிக்குங்க.”

வாசலில் எருது விற்க வந்த இரண்டு பேர் தரகருக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆஞ்சப்பன் சாவியை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். காதோரம் வைத்தார். கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை.

திறந்ததும் கங்கப்பனை எழுந்து நிற்கச் சொன்னார். சாவியை அவர் அரைஞாணில் தாமே கோத்து, எருதுக்குப் போடுகிற முடிச்சாக இரண்டு போட்டு, அவிழ்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.