என் மஜ்ஜைக்கு மாலை போட்டவன்

கேன்டீனில் இருந்தவர்கள்: தாய்லாந்துக்காரர் இருவர், வங்காளதேசத்துக்காரர் ஒருவர், எங்கள் சீன போர்மேன், நான். சிங்கப்பூர் கப்பல் பட்டறை, தொண்ணூறுகளின் நடுவில். லீவில் ஊருக்கு எதற்குப் போனாய் என்று போர்மேன் கேட்டார். தம்பிக்கு எலும்பு கொடுத்தேன் என்றேன். மஜ்ஜைக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் குனிந்து என் இரண்டு கால்களையும் பார்த்தார். இடுப்பைக் காட்டினேன். ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார். நானும் திருத்தவில்லை.

தம்பி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவன். அவன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. என் மஜ்ஜை பொருந்தியது. ஊசியால் உறிஞ்சி அவனுக்கு ஏற்றினார்கள். டாக்டர் என்னிடம் சொன்னார்: "உங்க ரத்த அணு அவர் உடம்பை அந்நியம்னு நினைச்சு அடிக்கும். தோல், குடல், ஈரல், எதையும் விடாது. அதை அடக்கத்தான் இந்தக் கேப்ஸ்யூல். ஒரு வேளைகூட விடக்கூடாது."

பிழைக்கப் போன இடத்தில் அடங்கி இருக்க எனக்குத் தெரியும். என் ரத்தத்துக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் தறி முதலாளி வீட்டுக்குப் போன் போட்டு, தம்பியைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஏலே, எப்படி இருக்க?"

"மாலை போட்டுருக்கேண்ணே. சாமின்னு கூப்பிடணும்."

"சரி சாமி. மாத்திரை?"

"நிப்பாட்டிட்டேன். அந்த மாத்திரைக் கூடு மாட்டெலும்புல செய்யுறதாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைக்காரர் சொன்னாரு. விரதத்துல எப்படி முழுங்க?"

"எம்புட்டு நாளாச்சு?"

"ஆறு."

"ஒடம்பு?"

"உள்ளங்கை செவந்து அரிக்கி. பச்சத்தண்ணியில குளிக்கேன்ல, அதான்."

"சாமி, ஒம் எலும்புக்குள்ள கெடக்கது எம் மஜ்ஜை. அம்புட்டும் கறி தின்னு வளந்தது. இங்க பன்னியும் தின்னேன். அதுக்கும் சேத்தா மாலை போட்ட?"

"அப்ப விரதம் மொதல்லயே போச்சாண்ணே?"

"போச்சு. இப்பவே முழுங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறு. பொறவு சாமி கும்பிடலாம்."

போனான். வார்டில் சேர்த்து மருந்தைக் கூட்டினார்கள். சிவப்பு இறங்கியது. மாலையைக் கட்டில் காலில் மாட்டியிருந்தானாம்.

அடுத்த லீவுக்குள் டாக்டரே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். என் அணுக்கள் அந்த உடம்போடு பழகிவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத்தம் பார்த்தோம். ஓ குரூப்பாக இருந்தவன் என்னைப்போல பி ஆகியிருந்தான். லேப்காரர் பழைய சீட்டைப் பார்த்து, "ஆள மாத்திக் கூட்டிட்டு வந்துட்டியளோ?" என்றார்.

என் ரத்தம் வருஷம் முழுக்க ராஜபாளையத்தில் இருக்கிறது. எனக்கு லீவு இருபத்தொரு நாள்.